பதினான்கு மணி நேரமும் ஒரு மப்ளரும்

என் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தில் இரண்டே வரிகள்தான் இருந்தன. கோயமுத்தூர் விமான நிலையத்திலிருந்து ஆக்லாந்து விமான நிலையம் வரை வான்வழித் தூரம் பதினோராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். பறக்கும் நேரம் ஏறக்குறைய பதினான்கு மணி. குன்னூர் பெட்போர்டில் இன்டர்நெட் கடை வைத்திருப்பவர் அச்சடித்துக் கொடுத்தது. "நேராப் போனா அவ்வளவுதானுங்க" என்றார். நேராக எந்த விமானமும் போவதில்லை என்பதை அவரும் சொல்லவில்லை, காகிதமும் சொல்லவில்லை. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும்கூடக் காக்காய் பறக்கிற தூரம் கொஞ்சம்தான். பஸ்ஸில் போகிறவனுக்குத்தானே வளைவும் வாந்தியும் தெரியும்.

ஆக்லாந்தில் என் மகள் சுதா இருக்கிறாள். ஆறு வயதுப் பேத்தி நிலா இருக்கிறாள். மாப்பிள்ளையும் அந்த நாட்டில்தான் இருக்கிறார், ஆனால் இவர்களோடு இல்லை. அதற்கு மேல் நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. போன மாதம் போனில் பேசும்போது, "ஒண்ணுமில்லப்பா, சின்ன ஆபரேஷன். ஆனா ஊட்ல பெரியவங்க ஒருத்தரு கூட இருந்தே ஆகோணும்ங்கறாங்க. இல்லீன்னா தேதியத் தள்ளிப் போட்டுருவாங்க. அடுத்த தேதி எப்பக் கெடைக்கும்னே தெரியாது" என்றாள். சின்ன ஆபரேஷனுக்கு யாராவது பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிழவனைக் கூப்பிடுவார்களா? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்டுப் பழக்கமில்லை.

விசா வந்தது திங்கட்கிழமை மாலை. ஆபரேஷன் வியாழக்கிழமை. காலை ஏழரை மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவர்கள் ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட அந்தப் பருவத்தில் ஏழரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஏழரை என்று கேட்டதுமே எனக்குச் சனியின் ஞாபகம்தான் வந்தது. பதினான்கு மணி நேரப் பயணம், கையில் இரண்டு நாள் இருக்கிறது என்று நான் போட்டிருந்த கணக்கு அப்போதே பாதியாகிப் போனது.

செவ்வாய்க்கிழமை நண்பகலில் டாக்ஸியில் ஏறினேன். ஐப்பசி மழை மூன்று நாளாக விட்டபாடில்லை. டிரைவர் போஜன் படுகர், முப்பது வருடமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிறவர். பெட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டே நல்ல சேதியைச் சொன்னார்.

"சார், பர்லியார்கிட்ட மண்ணு சரிஞ்சு கெடக்கு. ஜேசிபி போயிருக்காம். கோத்தகிரி சுத்தித்தான் போகணும்."

"நேரம் ஆகுமா?"

"மிஸ்ட் இல்லன்னா ஆகாது."

கோத்தகிரி தாண்டியதும் மூடுபனி வந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் கேரட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. முன்னால் பதினைந்து வண்டி, பின்னால் எத்தனையோ. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கி மழையில் நின்று தள்ளினேன். அறுபத்திரண்டு வயதில் நான் கை வைத்ததால் லாரி நகர்ந்தது என்று சொல்ல மாட்டேன், சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். ஒன்றே கால் மணி நேரம் அங்கேயே போனது. காரமடையில் டீ குடிக்கலாமா என்று போஜன் கேட்டபோது நான் பார்த்த பார்வையில், அதற்குப் பிறகு கோவை வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. பாவம், அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று இறங்கும்போதுதான் தெரிந்தது. எனக்குக் கட்டி வைத்திருந்த தயிர்ச் சோற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

விமான நிலையச் சோதனையில் நின்ற இளைஞர் சொல்வதற்கு முன்பே நான் கைகளை விரித்து நின்றுவிட்டேன்.

"என்னங்க ஐயா, மிலிட்டரிங்களா?"

"இல்லீங்க. ஃபேக்டரி."

"டீ ஃபேக்டரிங்களா?"

தலையை ஆட்டினேன்.

இந்தத் தலையாட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தது டீ ஃபேக்டரியில் அல்ல, குன்னூர்ப் பக்கத்தில் இருக்கிற வெடிமருந்து ஃபேக்டரியில். தினமும் கேட்டில் இரண்டு முறை தடவிப் பார்ப்பார்கள். தீப்பெட்டி ஒன்று பையில் இருந்தால் வேலை போய்விடும். சேரும்போதே, உள்ளே நடப்பது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். பஸ்ஸில் யாராவது வேலையைக் கேட்டால் "ஃபேக்டரி" என்போம். இந்த மலையில் திரும்பின பக்கமெல்லாம் டீ ஃபேக்டரி என்பதால் கேட்டவர்களே மிச்சத்தை நிரப்பிக்கொள்வார்கள். ஆமாம் என்று பொய் சொல்வதில்லை, இல்லை என்று மறுப்பதும் இல்லை. என் மனைவி கமலாவுக்குக்கூட நான் எந்தப் பகுதியில் என்ன செய்தேன் என்பது கடைசி வரை தெரியாது. அவள் போய் நான்கு வருடமாகிறது.

விமானத்தில் ஏசியை எங்கள் ஊர் ஜனவரி மாதிரி வைத்திருந்தார்கள். மழையில் நனைந்த உடம்பு நடுங்கியது. பையைத் துழாவிப் பழுப்பு நிற மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். இரண்டு வருடம் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த மப்ளர். பாச்சை உருண்டை வாசம் தாங்காமல் பக்கத்து இருக்கைப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதன்கிழமை விடியும் நேரத்தில் சிங்கப்பூர். கால் வைத்தால் அமுங்குகிற கம்பளத்தில் நடந்துகொண்டே இருந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஃபேக்டரி கேட்டுக்குப் போகிற தூரத்தை இவர்கள் ஒரு கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். ஆக்லாந்து விமானம் எட்டரைக்கு. அதில் ஏறினால் அன்று இரவே அங்கே இறங்கிவிடலாம். அதை விட்டால் அடுத்தது மாலையில், போய்ச் சேருவது வியாழன் முற்பகல். அதற்குள் சுதாவின் தேதி வேறு யாருக்கோ போயிருக்கும். ஏழேகாலுக்கே வாசலில் வரிசையில் நின்றுவிட்டேன்.

ஒரு சின்னக் கோலின் நுனியில் துண்டுத் துணியைச் செருகி என் உள்ளங்கையிலும் பையிலும் மப்ளரிலும் தேய்த்தார்கள். எல்லாருக்கும் செய்வதில்லை, என்னை மட்டும் கூப்பிட்டார்கள். துணியை ஒரு கருவிக்குள் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. புதுத் துணி வைத்து மறுபடி தேய்த்தார்கள். மறுபடியும் சிவப்பு. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களை வேறு பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

என்னை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். கண்ணாடி வழியே நான் ஏற வேண்டிய விமானத்தின் வால் தெரிந்தது. சீனர் ஒருவர், மேலதிகாரி போலிருக்கிறது, அதட்டாமல் மெதுவாகப் பேசினார். அந்த மெதுவான பேச்சுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. பிறகு மாலதி என்ற தமிழ் அதிகாரி வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"அங்கிள், பயப்படாதீங்க. கேக்கறதுக்கு மட்டும் உண்மையா பதில் சொல்லுங்க. பையை நீங்கதான் கட்டுனீங்களா?"

"நாந்தானுங்க."

"யாராவது எதையாவது கொண்டு போகச் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"நீலகிரியா? என்ன வேலை பார்த்தீங்க?"

"ஃபேக்டரிங்க."

"டீ ஃபேக்டரியா?"

தலை தானாக ஆடிவிட்டது. அவர் அதை எழுதிக்கொண்டார். முப்பத்து நான்கு வருடத்தில் அந்தத் தலையாட்டலை ஒருவர் காகிதத்தில் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்போ உரம் தொட்டிருப்பீங்க. சில உரத்துக்கு மெஷின் இப்படிக் கத்தும்." நான் தப்பிக்க அந்தப் பெண்ணே ஒரு வழியைத் திறந்து வைத்தார். ஆமாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலதிகாரி கருவியில் வந்திருந்த பெயரைக் காட்டினார். மாலதி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது உரத்துல வராது அங்கிள். நெஞ்சுவலி மாத்திரைல இது இருக்கும், நாக்குக்கு அடியில அப்படி ஏதாவது வைப்பீங்களா?"

"இல்லீங்க."

"கையைவிட மப்ளர்லதான் ரொம்ப அதிகமா காட்டுது. அது யாரோடது?"

"என்னோடதுதானுங்க."

"டீ ஃபேக்டரில போட்டதா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஏழு ஐம்பது. எட்டு இருபதுக்குக் கதவை மூடிவிடுவார்கள். மாலதி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க எதையோ மறைக்கறீங்கன்னு இவரு நினைக்கறாரு. எனக்கும் அப்படித்தான் தோணுது. இப்படியே இருந்தீங்கன்னா இன்னிக்கு எந்த ஃபிளைட்டும் இல்ல."

என்னென்னவோ மனதில் ஓடியது. இருபத்தாறு வயதில் போட்ட கையெழுத்து. வெளிநாட்டுக்காரனிடம் உளறிவிட்டு வந்தால் பென்ஷன் நிற்குமோ, ஊரில் வீட்டுக்கு ஆள் வருமோ என்ற பயம். இன்னொரு பக்கம் சுதா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "எங்கப்பா வரலீங்க" என்று சொல்வது. கண்ணாடிக்கு வெளியே சாப்பாட்டு வண்டி விமானத்தை விட்டு விலகிப் போனது.

பர்ஸில் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த ஓய்வூதிய அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

"டீ ஃபேக்டரி இல்லீங்க. இதுதானுங்க. அந்த மப்ளர் வேலைக்குப் போட்டுட்டுப் போனது."

மாலதி அட்டையைப் படித்துவிட்டு மேலதிகாரியிடம் நீட்டினார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா என்ன அங்கிள்?"



மேலதிகாரி அட்டையின் எண்ணைக் குறித்துக்கொண்டு யாருக்கோ போன் செய்தார். வெடிபொருள் நிபுணராம். எதிர்முனையில் கேட்பதை மாலதி தமிழில் என்னிடம் கேட்டார்.

"ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம்?"

"ரெண்டுங்க."

"அதுக்கப்புறம் மப்ளரைத் துவைக்கவே இல்லையா?"

"இல்லீங்க."

"வேலையில இருக்கும்போது?"

"அப்பவும் இல்லீங்க."

"ஏன்?"

அட்டையைக் காட்டியது வேறு. அது அரசாங்கம் கொடுத்தது. இந்தக் கேள்விக்குப் பதில் உள்ளே நடந்த விஷயம். மணி எட்டு ஐந்து. போனில் அந்த நிபுணர் ஏதோ சொன்னார். மாலதிக்கே அது விளங்கவில்லை, இரண்டாம் தடவை கேட்டுவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"என்ன கேள்வின்னு தெரியல, அப்படியே கேக்கறேன். எந்தக் கிழமை உங்களுக்குத் தலை வலிக்கும்?"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"திங்கக்கிழமைங்க" என்றேன்.

அவர் போனில் அதைச் சொன்னதும், எதிர்முனையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தது எனக்கே கேட்டது.

நாங்கள் கையாண்ட அந்தப் பொருளின் பெயரை இப்போதும் எழுத மாட்டேன். பழக்கம். அதன் ஆவி உடம்பில் ஏறினால் முதல் நாள் தலை பிளந்துவிடும். தினமும் அதற்குள்ளேயே இருந்தால் உடம்பு பழகிக்கொள்ளும், வலிக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வீட்டில் இருந்தால் பழக்கம் விட்டுப்போய்த் திங்கட்கிழமை மறுபடி முதல் நாள் வலிதான். அதற்கு எங்களில் சிலர் ஒரு வழி வைத்திருந்தோம். சட்டத்துக்கு விரோதம்தான். உள்ளே கட்டியிருக்கும் மப்ளரைத் துவைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், லீவு நாளிலும் கழுத்தில் சுற்றிக்கொள்வோம். மூச்சோடு கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை தலை நம்முடையதாக இருக்கும். இது எங்கள் ஷெட்டுக்குள் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் இந்த வேலை செய்த அத்தனை ஊரிலும் தொப்பியிலோ துண்டிலோ இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்களாம். அவர்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறதாம். மாலதி சிரித்துக்கொண்டே சொன்னார்.

மப்ளரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முத்திரை வைத்தார்கள். கைகளை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். பையைத் துடைத்து மறுபடி தேய்த்துப் பார்த்தார்கள். இந்த முறை பச்சை. மணி எட்டு இருபத்திரண்டு. மாலதி என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, மகளுடைய ஆபரேஷனைச் சொல்லிக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். கதவை மூடக் கை வைத்திருந்த பெண்ணிடம் அவர் என்னவோ கத்தினார். "போங்க அங்கிள், மக காத்துக்கிட்டு இருக்கும்" என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். நன்றிகூடச் சொல்லவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

விமானத்தில் பத்து மணி நேரம். பிரெட், வெண்ணெய், ஏதோ ஒரு கிழங்கு மசியல். எதுவும் இறங்கவில்லை. கழுத்து வெறுமையாக இருந்தது. கமலா ஞாயிறுதோறும் அந்த மப்ளரை வாளியில் போடப் போவாள், நான் பிடுங்குவேன். "அப்படி என்னதான் வச்சிருக்கறீங்க அந்தக் கருமத்துல?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பேன். அதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். ஏதாவது காரணம் இருக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாமல், புருஷன் ஒரு அழுக்கன், பிடிவாதக்காரன் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். சிங்கப்பூரில் முகம் தெரியாத ஒருவருக்குச் சொன்னதை என் பெண்டாட்டிக்குச் சொல்லவில்லையே என்று அழுதேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் தன்னுடைய காகிதக் கைக்குட்டையை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆக்லாந்தில் சோதனை வேறு மாதிரி. அங்கே அவர்களுக்கு வெடிகுண்டைவிட விதையும் மண்ணும்தான் பயம். நான் பட்ட பாட்டில், கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டேன். வர்க்கி பிஸ்கட், டீத்தூள், பருப்புப் பொடி, கறிவேப்பிலை, ஷூவில் ஒட்டியிருந்த கோத்தகிரிச் சேறு. கறிவேப்பிலையை எடுத்துத் தொட்டியில் போட்டார்கள். ஷூவை அவர்களே கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் கல்யாணத்தன்றுகூட அது அவ்வளவு பளபளத்ததில்லை. வெளியே சுதா நின்றாள். மெலிந்திருந்தாள். நிலா அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறு மணி. சமையலறை மேசையில் நிலா வர்க்கியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சுதா ஒன்றும் சாப்பிடக் கூடாது. அரை மணியில் டாக்ஸி வரும். நான் ஜன்னல் குளிருக்குக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டதைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, மப்ளர் எங்க?"

"சிங்கப்பூர்ல புடிச்சு வச்சுக்கிட்டாங்க."

"அதையா? எதுக்கு?"

ஒண்ணுமில்ல என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்ன ஃபேக்டரி என்பது அவளுக்கும் தெரியும், அதற்குமேல் அவள் கேட்டதே இல்லை. எந்த ஷெட், என்ன வேலை, திங்கட்கிழமைத் தலைவலி, துவைக்காத மப்ளர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது கண்ணு. சொல்லவே இல்ல."

அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு நிலாவை டிவி பார்க்கச் சொல்லி அடுத்த அறைக்கு அனுப்பினாள்.

"அப்பா, இது சின்ன ஆபரேஷன் இல்லப்பா."

மார்பில் கட்டி. புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ஒரு பக்கம் முழுவதும் எடுக்கிறார்கள், அதன் பிறகு மருந்து, பல மாதம். வரிசையாகச் சொன்னாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒண்ணுமில்ல என்று சொல்ல அவள் யாரிடம் படித்தாள் என்று எனக்குத் தெரியாதா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு டாக்ஸி வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. பச்சை அங்கி மாட்டிச் சக்கரக் கட்டிலில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு கையில் நிலாவைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நடந்தேன்.

"அப்பா, பயமா இருக்குதாப்பா?"

நாக்கு நுனி வரைக்கும் அந்தப் பழைய ஒண்ணுமில்ல வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"பயமாத்தான் சாமி இருக்குது."

"எனக்கும்தாம்ப்பா" என்றாள் சுதா. கதவு வரைக்கும் என் சுண்டுவிரலை அவள் விடவில்லை.